யானைக்கு ஊதிய சங்கு

கருவி சரியாகத்தான் வேலை செய்தது. அதுதான் சிக்கல்.

முதுமலைக் காட்டின் ஓரத்தில், கூடலூர்ப் பக்கம் இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்காக நாங்கள் செய்து கொடுத்த யானை எச்சரிக்கைக் கருவியைச் சொல்கிறேன். காட்டு எல்லைக்குள் மூன்று கம்பங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கேமரா. யானை கடந்தால் கேமரா கண்டுபிடித்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லைனின் முனையில் நிற்கும் நான்காவது கம்பத்துக்குச் செய்தி அனுப்பும். அந்தக் கம்பத்தில் ஒரு சங்கு. அது ஊதும், ஆட்கள் உஷாராவார்கள். கோயம்புத்தூரில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் எங்கள் சிறிய நிறுவனத்தில் இதை வரைந்து, பொருள் வாங்கி, நேரில் வந்து பொருத்தியது நான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் காலை ஆறு நாற்பதுக்கு யானை வந்தது. வேலி ஓரமாகவே வந்ததால், வேலிக்கு அருகில் இருந்த கம்பத்தின் கேமரா கண்டது. சங்கு ஊதியது. லைன் ஆட்கள் நாற்பது பேரும் கூடையை மாட்டிக்கொண்டு, யானை நின்ற பாதையிலேயே நடந்தார்கள்.

எஸ்டேட்டில் சங்கு என்றால் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். தினமும் ஏழு மணிக்கு ஃபேக்டரிச் சங்கு ஊதும். ஆள் எடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு எல்லோரும் போவார்கள். நான் வாங்கி மாட்டியதும் அதே வகைச் சங்கு. நேரமாகிவிட்டது, இன்று நம் வீட்டுக் கடிகாரம்தான் தப்பு என்று நினைத்து வழக்கத்தைவிட வேகமாகவே போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் போனவர் பாக்கியம் என்கிற அம்மா. வளைவில் இருக்கும் பலா மரத்தடியில் யானையைப் பார்த்து, பின்னாலேயே நகர்ந்து, பாதையோரத் தண்ணீர்க் கானில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். யானை ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. அன்று மாலையே யாரோ சங்கின் ஒயரை வெட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லைன் ஆட்கள் கூடி முடிவு சொல்வார்கள் என்று எஸ்டேட் மேனேஜர் போனில் சொன்னார். கம்பங்கள் இருக்கட்டுமா, பிடுங்கிவிடலாமா. இரண்டு வருடத்துக்கு முன் அதே வளைவில் ராமையா என்பவர் யானை அடித்து இறந்தார். அதனால்தான் கருவியே கேட்டார்கள். பலா பழுக்கும் இந்த மாதத்தில் கம்பங்களைப் பிடுங்கினால், மறுபடியும் அந்த வளைவில் யார் காலையில் முதலில் நடக்கிறார்களோ அவர்கள்தான் எச்சரிக்கைக் கருவி.

ஆபீஸில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வழியில் ஒரு இரவு வெலிங்டனில், எங்கள் வீட்டில். வெள்ளிக்கிழமை காலை அம்மா இட்லிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றியபடியே, “அந்தம்மாவுக்கு என்ன கொண்டுட்டுப் போறே?” என்றார். பட்டியலைக் காட்டினேன். சோல்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பேட்டரி இரண்டு, மாற்று சிம், மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு, போனில் ஐந்து விதமான எச்சரிக்கை ஒலிகள்.

“கை ஒடிஞ்சவங்களப் பாக்கப் போற லிஸ்ட்டா இது?” என்று சொல்லி, ஒரு பை வர்க்கியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் சிவிலியன் ஊழியராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றார். “ஏம் புள்ள, சங்கு ஊதுனா நான் என்ன பண்ணுவேன்?”

“சட்டையை மாட்டுவீங்க.”

“அப்புறம்?”

“கெளம்புவீங்க.”

“பொறந்ததுல இருந்து பாத்திருக்கறே. பாத்துமா அதையே வாங்கி மாட்டுனே?”

அம்மா இன்னொரு இட்லியை வைத்தார். அதைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன். உண்மையில் நான் சங்கை வாங்கும்போது டெசிபலைப் பார்த்தேன், எட்டும் தூரத்தைப் பார்த்தேன், மழை தாங்குமா என்று பார்த்தேன். பகல் இரண்டு மணிக்கு மேனேஜரையும் வாட்ச்மேனையும் வைத்துச் சோதித்தேன். அப்போது லைன் ஆட்கள் எல்லோரும் கொழுந்து எடுக்க மலையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை.

ஜீப் ஓட்ட வந்தவர் போஜன் அண்ணன். ஊட்டிக்குப் பக்கத்துப் படகர் ஊர்க்காரர். காரட் தோட்டமும் ஜீப்பும் வைத்திருக்கிறார். இரண்டில் ஏதாவது ஒன்றுதான் எப்போதும் நல்ல நிலையில் இருக்கும் என்று அவரே சொன்னார். இந்த முறை காரட். பெர்ன்ஹில் தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது, வைப்பர் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தேன். மோட்டார் எரிந்திருந்தது. போஜன் அண்ணன் எந்தக் கவலையும் இல்லாமல் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து, வைப்பரின் நடுவில் கட்டி, ஒரு நுனியை என் ஜன்னல் வழியாகவும் மறு நுனியைத் தன் ஜன்னல் வழியாகவும் உள்ளே விட்டார்.

“நீங்க இழுங்க மேடம். போதும். இப்ப நான். நீங்க. நான்.”

பைக்காரா தாண்டும்வரை இப்படியே போனோம். கிளென்மார்கன் பிரிவில் அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு படக மொழியில் பேசினார். எனக்குப் புரிந்த அளவில், “இஞ்சினியர் ஒருத்தர் வந்திருக்கிறார், வைப்பரைப் பிரமாதமாக ஓட்டுகிறார்” என்று மனைவியிடம் சொன்னார். என் இடது கை நனைந்து விறைத்துப்போனது. நடுவட்டத்தில் டீயும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்து, “சம்பளம்” என்றார். வெலிங்டன் டீயைவிட அங்கே டீ கெட்டி. பஜ்ஜியில் காரம் இல்லை, சூடு இருந்தது. எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

கூடலூர் இறங்கியதும் மழை நின்று வெயில் அடித்தது. கடைப் பலகைகளில் பாதி மலையாளம். எஸ்டேட் கேட்டில் மேனேஜர் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது கையில் ஒரு தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். “முதல்ல பாக்கியம்மாவப் பாருங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் லைன்ல நடக்கும். நான் சும்மா தொரை” என்றார்.

பாக்கியம் சின்ன வயதில் சிலோனிலிருந்து பெற்றோரோடு வந்தவர். அவருடைய பேச்சில் இன்னும் அந்தத் தோட்டங்களின் சாயல் இருக்கிறது. லைனை லயம் என்றும் சர்க்கரையைச் சீனி என்றும்தான் சொல்வார். வாசற்படியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக் கையை மடியில் ஒரு குழந்தையைப் போல வைத்திருந்தார். நான் பெயர் சொன்னதும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“நீதானா அந்தச் சங்கு?”

“ஆமாங்க.”

“கொஞ்சம் விட்டிருந்தா எனக்கே ஊதியிருப்ப.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். சங்கைத் தேர்ந்தெடுத்தது நான், யோசிக்காமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டு முடித்துவிட்டு, “சரி, தேங்கா துருவத் தெரியுமா?” என்றார்.

“தெரியும்.”

“அப்ப உள்ள வா. மூணு வாரமா நாக்கு செத்துக் கெடக்கு. மருமகளுக்குச் சம்பல் செய்ய வராது.”

அரை மூடித் தேங்காய் துருவினேன். வெங்காயம், காய்ந்த மிளகாய், உப்பு என்று ஒவ்வொன்றாக அவர் சொல்ல, நான் அம்மியில் அரைத்தேன். கடைசியில் எலுமிச்சை. கோதுமை ரொட்டியோடு அந்தச் சம்பல், சீனியைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டே குடிக்கும் பிளேன் டீ. எங்கள் வீட்டுச் சட்னிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நான் மூன்று ரொட்டி சாப்பிட்டதைப் பார்த்தபின் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. விஷயம் இறங்கவில்லை.

“இங்க பாரு புள்ள. ராமையா எங்க பக்கத்து வூடு. அவரு போனப்ப மிசினு இல்ல. நா விழுந்தப்ப மிசினு இருந்துச்சி. இதுல எது நல்லதுன்னு ஒன்னால சொல்ல முடியுமா? ஞாயித்துக்கெழம புடுங்கச் சொல்லித்தான் நா கை தூக்குவே.” மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். “இந்தக் கைய.”

சனிக்கிழமை கம்பங்களைப் பார்க்கக் காட்டுக்குள் போனேன். அனுமதி இருந்தாலும் வனத்துறை ஆள் இல்லாமல் போகக் கூடாது. எனக்குத் துணையாக வந்தவர் ஷோபனா. வனக் காப்பாளர். கோபிசெட்டிபாளையத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவர். பச்சைச் சீருடை, தலையில் குல்லா, கையில் ஒரு மூங்கில் கழி. முன்னால் கேத்தன் என்கிற காவலர் நடந்தார். இந்தக் காட்டிலேயே பிறந்தவர், அதிகம் பேசாதவர்.

தெப்பக்காட்டில் அவர்களுக்காகக் காத்திருந்தபோது ஒரு சுற்றுலா வேன் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலில் இருந்த பையன், “அப்பா, புலி எத்தனை மணிக்கு வரும்?” என்றான். “நீ வாயை மூடுனா வரும்” என்றார் அப்பா. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். வேன் திரும்பி மறையும்வரை கையை எடுக்கவில்லை.

ஆற்றைத் தாண்டியதும் காடு வேறாகிவிட்டது. நான் வளர்ந்த மலையில் மரம் என்றால் கற்பூர மரம், பச்சை என்றால் சீப்பு வைத்து வாரியது மாதிரி தேயிலை. இங்கே தேக்கு, மருது, சாய்ந்து கிடக்கும் மூங்கில், எல்லாவற்றுக்கும் இடையில் உண்ணிச்செடி. ஒரு வரிசையும் கிடையாது. முதல் மழைக்குத் தேக்குகள் இப்போதுதான் துளிர்விட்டிருந்தன. புள்ளிமான் கூட்டம் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. மேலே மலபார் அணில், நாயின் வால் அளவுக்கு நீண்ட சிவப்பு வாலைத் தொங்கவிட்டு, பழத்தைத் திருப்பித் திருப்பிக் கடித்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்தோம். என் உப்பு முதல் அரை மணி நேரத்திலேயே கரைந்து போயிற்று.

“ஏனுங்க்கா, அட்டையக் கூட எண்ணி எழுதுவீங்களா?” என்றார் ஷோபனா. நோட்டை மூடினேன். பதினேழு.

அவரிடம் ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். “பரீட்சை எழுதுனனுங்க, வந்துருச்சு. எங்க ஊட்டுல பேங்க் வேலைன்னுதான் இன்னும் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கறாங்க” என்றார். கேத்தன் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்தபடியே சட்டென்று நின்றார். ஷோபனா நின்றார். எனக்கு ஒன்றும் தெரியாமல் இன்னும் இரண்டு அடி வைத்தேன். ஷோபனாவின் கை என் பை வாரைப் பிடித்து இழுத்தது.

யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பெரிய மருதுக்குப் பின்னால் போய் நின்றோம். காற்றில் மாட்டுக் கொட்டில் மணம் போல ஒன்று, அதைவிட இனிப்பாக. ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் முறியும் சத்தம். பிறகு அவை வெளியே வந்தன. பெரிய பெண் யானை ஒன்று, இன்னும் மூன்று பெண் யானைகள், இடுப்புயரக் குட்டி ஒன்று. ஓடையைக் கடந்து நேராக என் இரண்டாவது கம்பத்துக்கு வந்தன.

பெரியது கம்பத்தைத் துதிக்கையால் தடவிப் பார்த்தது. திரும்பி நின்று, பின்புறத்தை அதில் சாய்த்து, நிதானமாகத் தேய்த்தது. சோலார் பலகை ஒரு பக்கம் சரிந்தது. கம்பம் ஆடியது. சேறு கேமராக் கண்ணாடியை முழுக்க மூடியது. பிறகு குட்டி வந்து, அதற்கு எட்டிய உயரத்தில் அதையே செய்தது.

“சொறிஞ்சுக்கறதுக்கு நல்லா அமைச்சிருக்கறீங்க்கா” என்று என் காதோரம் கிசுகிசுத்தார் ஷோபனா.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் பழக்கம். ஒன்பது பன்னிரண்டு. யானைகள் கம்பத்தை விட்டு எஸ்டேட் பக்கம் நடக்கத் தொடங்கின. நடந்தன என்று சொல்வது தப்பு. ஒரு கிளை, ஒரு பிடி புல், கொஞ்சம் மண் அள்ளி முதுகில் போட்டுக்கொள்வது, குட்டிக்காக நிற்பது. கேத்தன் தூரத்தில் ஒரு பாறை மேட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். அங்கிருந்து எஸ்டேட் வேலியும் அந்த வளைவும் தெரிந்தன. வேலி ஓரத்து மூங்கிலை அவை அடைந்தபோது மணி பத்து இருபது. பகல் என்பதால் வேலியைத் தாண்டாமல் மூங்கிலிலேயே நின்றுவிட்டன.

ஒரு மணி எட்டு நிமிடம். நான் கணக்குப் போட்டது பத்து நிமிடம். யானை நேர்கோட்டில், ஒரே வேகத்தில், மனிதன் பஸ்ஸுக்குப் போவது மாதிரி வரும் என்று வைத்துத்தான் இவ்வளவு உரக்கக் கத்தும் ஒன்றை வாங்கியிருந்தேன்.

“எப்பவும் இப்படித்தான் மெதுவா வருமா?” என்றேன்.

“யாரும் துரத்தாட்டி அதுக்கு என்ன அவசரம்?” என்றார் கேத்தன்.

திரும்பும்போது கம்பத்தைச் சுத்தம் செய்தேன். கேமராக்களை இன்னும் ஒரு ஆள் உயரம் மேலே ஏற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். சேற்றில் குட்டியின் ரோமம் இரண்டு ஒட்டியிருந்தது. அதை மட்டும் துடைக்கவில்லை. “நாங்க காட்டுக்குள்ள யாரும் கத்தறதில்லீங்க்கா” என்றார் ஷோபனா, பலகையை நிமிர்த்திப் பிடித்தபடி. “ஒருத்தர் நின்னா மத்தவங்க நிக்கோணும். நீங்க மட்டுந்தான் ரெண்டு எட்டு சேத்து வெச்சீங்க.” மதியம் காவல் முகாமில் அவர் சமைத்த தக்காளிச் சோறும், கேத்தன் கொண்டுவந்த தேனும். சோற்றுக்குத் தேன் தொட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு இதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பிரட்டுக்களத்தில். ஓடு வேய்ந்த கொட்டகை, சிமெண்டுத் தரை, பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு. லைன் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பாக்கியம் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில். மேனேஜர் ஓரமாக, கொழுந்து கிள்ளிக்கொண்டு.

நான் முதலில் காட்டில் என் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். குட்டி கம்பத்தில் தேய்த்துக்கொள்வதைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார்கள். நல்ல தொடக்கம் என்று நினைத்து, என் ஐந்து ஒலிகளை எடுத்தேன். “சங்கு வேண்டாம். இதில் எது கேட்டால் வீட்டுக்குள்ளேயே இருப்பீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்” என்றேன்.

மணிச் சத்தம் போட்டேன்.

“மணி அடிச்சா மாரியம்மன் கோயில்ல பூசைன்னு வருவோம்” என்றது பின்வரிசை.

நாய் குரைப்பு.

“யாரு வந்திருக்காகன்னு பாக்க வருவோம்.”

வெடிச் சத்தம்.

“எந்தக் கச்சி செயிச்சுதுன்னு கேக்க வருவோம்.”

பெண் குரலில் அறிவிப்பு. ‘யானை வந்துள்ளது, வெளியே வராதீர்கள்.’

“யானையா, எங்கன்னு பாக்கறதுக்கே பாதிப் பேரு வருவான்” என்றார் ஒருவர். “என் வூட்டுக்காரர் மொத ஆளு” என்றார் அவர் மனைவி. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஐந்தாவது ஒலியை நான் போடவே இல்லை. அது ஆம்புலன்ஸ்.

பட்டியல் தீர்ந்துவிட்டது. பட்டியல் தீர்ந்தால் எனக்கு என்ன பேசுவது என்று தெரியாது. நோட்டை மூடிவிட்டு, “அப்படியென்றால் எதற்குத்தான் வெளியே வரமாட்டீர்கள்?” என்று கேட்டேன். கேட்ட குரலில் கொஞ்சம் கோபமும் இருந்திருக்க வேண்டும்.

சிரிப்பு அடங்கியது. பாக்கியம் மாவுக்கட்டுக்கு மேல் சொறிந்துகொண்டே, “சங்கு ஊதலன்னா வரமாட்டோம்” என்றார்.

“என்னது?”

“ஒருக்கா ஃபேக்டரிச் சங்கு மோட்டாரு எரிஞ்சி போச்சி. ஏழாச்சி, எட்டாச்சி, ஒருத்தரும் வாசப்படி எறங்கல. கூடைய மாட்டிக்கிட்டு உள்ளயே ஒக்காந்திருக்கோம். தொர பைக்க எடுத்துக்கிட்டு, லுங்கியோட வந்துட்டாரு, ஏன் யாரும் வரலன்னு.”

“அது பேண்ட்” என்றார் மேனேஜர்.

“லுங்கி” என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

எனக்கு ஒன்பது பன்னிரண்டும் பத்து இருபதும் ஞாபகம் வந்தன. கம்பத்திலிருந்து வளைவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது. யாரையும் அவசரமாகக் கத்தி எழுப்ப வேண்டியதில்லை. யானை கம்பத்தைத் தாண்டினால் செய்தி ஃபேக்டரி வாட்ச்மேன் போனுக்குப் போகட்டும். அவர் ஏழு மணிக்குச் சங்கை ஊதாமல் இருக்கட்டும். யானை திரும்பிப் போனபின் ஊதட்டும். சாயங்காலம் வந்தால், பூச்சிமருந்து அடித்த தேயிலை மலையில் சிவப்புக் கொடி நடுவார்களே, அங்கே யாரும் கால் வைப்பதில்லை அல்லவா, அதுபோல நான்காம் கம்பத்தில் சங்குக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கு. இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது.

“தினமும் யானை வந்தா ஃபேக்டரி எப்படி ஓடும்?” என்றார் மேனேஜர்.

“பலா முடியற வரைக்குந்தானே” என்றார் பாக்கியம். “ஆனா ஒண்ணு. சங்கு தாமசமா ஊதுன அன்னிக்கி அரைப் பேர் போடக் கூடாது. முழுப் பேர் போடணும்.”

ஒரு நாள் வேலையைத்தான் அவர்கள் ஒரு பேர் என்கிறார்கள். மேனேஜர் கொழுந்தைக் கிள்ளினார். எல்லோரும் அவர் விரலையே பார்த்தார்கள். “ஒரு மாசம் பாக்கலாம். மேல நான் பேசிக்கறேன்” என்றார். “முழுப் பேரு?” என்றார் பாக்கியம் விடாமல். “முழுப் பேர்.”

கம்பம் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். பாக்கியம் கடைசியாகத்தான் தூக்கினார். மாவுக்கட்டுக் கையை. வலித்திருக்க வேண்டும், உடனே இறக்கிவிட்டார்.

சங்கைக் கழற்றி, போஜன் அண்ணன் கூடலூரில் வாங்கி வந்த சிவப்பு விளக்கை மாட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. மென்பொருளில் மூன்று வரி மாற்றம். இவ்வளவுதான் வேலை.

திங்கள்கிழமை ஏழு மணிக்குச் சங்கு வழக்கம்போல ஊதியது. யானை வரவில்லை. எல்லோரும் வேலைக்குப் போனார்கள். சோதனை நடக்காமல் கிளம்ப மனமில்லை. ஆபீஸுக்குப் பேசி இன்னொரு நாள் லீவு வாங்கினேன். “ஒன் மிசினப் பாத்துப் பயந்துடுச்சோ என்னமோ” என்று பாக்கியம் கிண்டல் செய்தார். எஸ்டேட் விடுதி வேண்டாம், லயத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லித் தன் வீட்டிலேயே பாய் போட்டுக் கொடுத்தார்.

செவ்வாய் காலை ஐந்து ஐம்பதுக்கு என் போன் அதிர்ந்தது. கம்பம் இரண்டு. படத்தில் பெரிய பெண் யானையின் நெற்றி, ஓரத்தில் குட்டியின் வால். வாட்ச்மேனுக்கும் மேனேஜருக்கும் அதே செய்தி போயிருப்பதைச் சரிபார்த்தேன். சிவப்பு விளக்கு எரிவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சோதனைகளில் எனக்குப் பிடிக்காத கட்டம் இதுதான்.

வீட்டு வேலைகள் வழக்கம்போல நடந்தன. மருமகள் ரொட்டி தட்டினார். மகன் கூடைக் கயிற்றை இறுக்கினார். பாக்கியம் இடது கையால் டீ ஆற்றினார். ஆறு ஐம்பத்தைந்துக்கு எல்லோரும் கதவருகே வந்துவிட்டார்கள். கால் தானாகவே அங்கே வந்து நிற்கிறது. ஏழானது.

அவ்வளவு அமைதியாக ஒரு எஸ்டேட்டை நான் கேட்டதில்லை. ஓட்டில் பனி சொட்டுவது கேட்டது. லைன் வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர்தான். அடுத்த வீட்டிலிருந்து சுவரைத் தட்டி ஒரு குரல், “ஊதலயே.” பாக்கியம் இந்தப் பக்கம் தட்டி, “ஊதல” என்றார். அந்தச் சொல் அங்கிருந்து அடுத்த சுவருக்கும் அதற்கடுத்த சுவருக்கும் போவது கேட்டது. ஊதல. ஊதல. லைனின் கடைசி வீடுவரை போய் நின்றது. ஒரு தாழ்ப்பாள்கூடத் திறக்கவில்லை.

ஏழு பத்துக்கு மூடுபனியில் வளைவுப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. பெரியது பலா மரத்தின் அடியில் நின்று துதிக்கையைத் தூக்கித் தேடியது. பழம் விழும் சத்தம் இங்கேவரை வந்தது. குட்டி கானுக்குள் இறங்கிவிட்டு ஏறத் தெரியாமல் விழித்தது. பின்னால் வந்த யானை முட்டி மேலே தள்ளிவிட்டது.

“நா விழுந்த அதே எடம்” என்றார் பாக்கியம் ஜன்னலில் முகத்தை ஒட்டி. “என்னைய இப்படித் தூக்கி விட ஒருத்தரும் இல்ல, பாரு.”

“அம்மா, நாந்தானே தூக்குனேன்” என்றார் மகன்.

“நீ பத்து நிமிசம் கழிச்சி வந்த.”

எட்டு மணி போல அவை வேலி தாண்டிப் போயின. வேலிக்கு அருகில் இருந்த கம்பம் அதைச் செய்தியாக அனுப்பியது. எட்டேகாலுக்கு ஃபேக்டரிச் சங்கு ஊதியது. லைன் கதவுகள் வரிசையாகத் திறந்தன. சட்டையும் கூடையும் மழைத்துணியுமாக ஆட்கள் இறங்கினார்கள். பாக்கியத்துக்கு இன்னும் வேலை இல்லை. ஆனாலும் படியில் நின்று, “வளைவுல சாணி கெடக்கும், பாத்து மிதிங்கடி” என்று சத்தம் போட்டார். எல்லோருக்கும் முன்னால் அவருடைய மருமகள் போய்க்கொண்டிருந்தார்.

போஜன் அண்ணனின் ஜீப் ஹாரன் கேட்டது. நான் நோட்டை எடுத்துச் சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். பொருள், எதிர்பார்த்தது, நடந்தது என்று மூன்று கட்டங்கள்.

“என்னா எழுதுற?” என்றார் பாக்கியம்.

வாசித்துக் காட்டினேன். “சங்கு. ஊதக் கூடாது. ஊதவில்லை.”

“மணியையும் போடு. ஏழு.”

போட்டேன்.